பக்கத்து ஊர் அதிபர்: கிளீவ்லாந்து ஆராதனை ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ரசிகர்களுக்கும், வித்வான்களுக்கும், போட்டி அறைக்கு வெளியே சுருதிப்பெட்டியும் தண்ணீர் பாட்டிலுமாகக் காத்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

ஈஸ்டர் நெருங்கினால் உங்களில் பலர் கிளீவ்லாந்துக்கு மூட்டை கட்டிவிடுவீர்கள். 1978 முதல் அங்கே நடந்துவரும் தியாகராஜ ஆராதனையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை. விமான நிலையம், ஹோட்டல், பல்கலைக்கழக அரங்கம், சாப்பாட்டுக்கூடம் என்று அத்தனை நாளும் அந்த நாலு புள்ளிக் கோலத்துக்குள்ளேயே கழிந்துவிடும் என்பதும் உங்களுக்குத் தெரியும். அதில் ஒரே ஒரு காலைப்பொழுதை எனக்குக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நீங்கள் பஞ்சரத்னம் பாடும் அரங்கம் யூக்ளிட் அவென்யூவில் இருக்கிறது. 1881 செப்டம்பர் 26 அன்று இதே தெரு வழியாக ஒரு சவ ஊர்வலம் போனது. அமெரிக்காவின் இருபதாவது அதிபர் ஜேம்ஸ் ஆப்ரம் கார்ஃபீல்டின் உடலை ஊர் நடுவே உள்ள பப்ளிக் ஸ்கொயரில் பந்தல் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அப்போது கிளீவ்லாந்தின் மக்கள்தொகையே ஒரு லட்சத்து அறுபதாயிரம்தான். அங்கிருந்து கிழக்கே லேக் வியூ கல்லறைத் தோட்டம்வரை ஊர்வலம். இன்றைக்கு உங்கள் அரங்க வாசல் இருக்கும் இடத்தைத் தாண்டித்தான் அந்த வண்டி போயிருக்க வேண்டும்.

'கார்ஃபீல்ட்' என்றால் உங்கள் பிள்ளைகளுக்கு லசான்யா தின்னும் ஆரஞ்சுப் பூனைதான் நினைவுக்கு வரும். அதில் தவறில்லை, சொந்தமும் இருக்கிறது. பூனையை வரைந்த ஜிம் டேவிஸ் அதற்குத் தன் தாத்தா ஜேம்ஸ் கார்ஃபீல்ட் டேவிஸின் பெயரை வைத்தார். தாத்தாவுக்கு அந்தப் பெயர் அதிபரிடமிருந்து வந்தது. பூனை முதன்முதலில் பத்திரிகையில் வந்ததும் உங்கள் ஆராதனை தொடங்கிய அதே 1978இல்தான். அண்மையில் அதிபரைப் பற்றி நெட்ஃபிளிக்ஸ் தொடர் ஒன்றும் வந்தது. பார்த்தவர்களுக்குக் கதை தெரிந்திருக்கும். ஆனால் அந்தத் தொடரும் அவர் செத்த கதையைத்தான் அதிகம் சொல்கிறது. கார்ஃபீல்டைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். எனக்கு அதில்தான் குறை.

அவர் பிறந்தது 1831 நவம்பர் 19இல், கிளீவ்லாந்துக்குக் கிழக்கே, இன்று மோர்லாண்ட் ஹில்ஸ் என்று அழைக்கப்படும் இடத்தில், ஒரு மரக்கட்டைக் குடிசையில். அப்படிப்பட்ட குடிசையில் பிறந்த கடைசி அமெரிக்க அதிபர் அவர்தான். இரண்டு வயது நிரம்புமுன் தந்தை போய்விட்டார். தாய் எலைசாதான் நிலத்தை உழுது, தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். பதினாறு வயதில் கார்ஃபீல்ட் வீட்டைவிட்டுப் போய் ஒஹையோ கால்வாயில் படகு இழுக்கும் குதிரைகளை ஓட்டினார். நீச்சல் தெரியாது. அந்தச் சில வாரங்களில் பதினான்கு தடவை தண்ணீருக்குள் விழுந்ததாக அவரே கணக்கு வைத்திருந்தார். பிறகு குளிர்ஜுரம் பிடித்து வீட்டுக்கு வந்தவரைத் தாய் படிக்க அனுப்பினார். ஹைரம் என்ற சிற்றூரின் கல்விக்கூடத்தில் கூட்டிப் பெருக்கி, மணியடித்து, அதைக்கொண்டு கட்டணம் கட்டினார். சில வருஷங்களில் அதே கூடத்துக்குத் தலைமை ஆசிரியர். உள்நாட்டுப் போரில் மேஜர் ஜெனரல். 1863 முதல் பதினேழு ஆண்டுகள் காங்கிரஸ் உறுப்பினர்.

கணக்கும் போட்டவர். பித்தகோரஸ் தேற்றத்துக்குச் சொந்தமாக ஒரு நிரூபணம் கண்டுபிடித்து 1876இல் ஒரு கல்விப் பத்திரிகையில் வெளியிட்டார். பதவியில் இருந்த ஒரு காங்கிரஸ் உறுப்பினர்! உங்கள் பிள்ளைகள் ஹோட்டல் அறையிலேயே போட்டுப் பார்க்கலாம். ஒரே அளவான இரண்டு செங்கோண முக்கோணங்களை ஒரு கோட்டின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றின் நீளப்பக்கமும் மற்றதன் குட்டைப்பக்கமும் சேர்ந்து அந்தக் கோடாக வேண்டும். மேலே இரண்டு முனைகளையும் இணைத்தால் ஒரு சரிவகம் கிடைக்கும். நடுவில் தானாகவே மூன்றாவதாக ஒரு செங்கோண முக்கோணம் உருவாகியிருக்கும். சரிவகத்தின் பரப்பை ஒரு தடவை மொத்தமாகவும், ஒரு தடவை மூன்று முக்கோணங்களின் கூட்டுத்தொகையாகவும் எழுதிச் சமப்படுத்தினால் முடிந்தது. ஒரு கையால் லத்தீனும் மறுகையால் கிரேக்கமும் ஒரே சமயத்தில் எழுதுவார் என்று அவரைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. அதைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். அவர் காலத்து ஆதாரம் எதுவும் அதற்கு இல்லை. சரிவகமே போதும்.

முழுக்கக் கறைபடாதவர் என்றும் நான் சொல்லமாட்டேன். ரயில்பாதை கட்டிய கிரெடி மொபிலியே கம்பெனியின் பங்குகளில் லாபம் வாங்கினார் என்ற குற்றச்சாட்டு அவர்மேல் உண்டு. அவர் மறுத்தார். தொகை 329 டாலர். 1880 தேர்தலில் எதிர்க்கட்சிக்காரர்கள் '329' என்ற அந்த எண்ணை மட்டும் சுவர்களிலும் கதவுகளிலும் நடைபாதைகளிலும் சாக்குக்கட்டியால் எழுதித் தள்ளினார்கள். வேறு ஒரு வார்த்தை வேண்டியிருக்கவில்லை.

இனி இடங்களுக்கு வருகிறேன். கிளீவ்லாந்தில் கார்ஃபீல்டைப் பார்க்கப் போகிறவர்கள் வழக்கமாகப் போவது லேக் வியூவில் உள்ள நினைவு மண்டபத்துக்கு. அரங்கத்துக்கு எதிரே ஹெல்த்லைன் பேருந்தைப் பிடித்தால் யூக்ளிட் அவென்யூ வழியாகவே போய் இறங்கலாம். வாடகைக் கார்கூடத் தேவையில்லை. 180 அடி உயரக் கற்கோபுரம் அது. ஜார்ஜ் கெல்லர் வடிவமைத்தது. பொதுமக்கள் கொடுத்த பணத்தில் கட்டி 1890 மே 30 அன்று திறந்தார்கள். வெளிச்சுவரில் அவர் வாழ்க்கையைச் சொல்லும் ஐந்து சுடுமண் சிற்பப் பலகைகள். அவற்றில் நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள், ஆளளவு. உள்ளே வண்ணக் கண்ணாடி, பொடிக்கல் சித்திரம், நடுவில் பளிங்குச் சிலை. கீழே இறங்கினால் நிலவறை. அங்கே கொடி போர்த்திய அவருடைய பெட்டியும் மனைவி லுக்ரீஷியாவின் பெட்டியும் மண்ணுக்குள் போகாமல் கண்ணெதிரே இருக்கின்றன. மேலே மாடத்தில் நின்றால் ஈரி ஏரி தெரியும். அதே தோட்டத்தில் ராக்ஃபெல்லரின் கல்லறையும் இருக்கிறது.

அழகான கட்டடம்தான். ஆனால் எனக்கு அங்கே மனம் ஒட்டவில்லை. அவ்வளவு தங்கமும் கண்ணாடியும் ஒரு மனிதரைப் பற்றி எதையும் சொல்லவில்லை. அங்கே பேசுவது ஒரு நாட்டின் அதிர்ச்சி மட்டும். ஒரே ஒரு காலைப்பொழுதுதான் கையில் இருக்கிறது என்றால் கல்லறையை விட்டுவிடுங்கள். மென்டாருக்குப் போங்கள்.

மென்டார் கிளீவ்லாந்திலிருந்து வடகிழக்கே இருபத்தைந்து மைல். 1876இல் கார்ஃபீல்ட் அங்கே ஒரு பண்ணையை வாங்கினார். வளரும் பையன்களுக்கு வாஷிங்டன் மட்டும் போதாது, மண்ணும் மாடும் தெரியவேண்டும் என்று நினைத்தார். ஒன்பது அறை வீடு, நாளடைவில் இருபது அறையானது. அம்மா, மனைவி, ஐந்து பிள்ளைகள், ஒரு நாய். நாயின் பெயர் வீட்டோ! மசோதாக்களை அதிபர் திருப்பி அனுப்பும் வழக்கம் அன்றைக்கு அரசியலில் பெரிய சண்டை. அதையே வீட்டு நாய்க்குப் பெயராக வைத்த மனிதருடைய நகைச்சுவை எனக்குப் பிடித்திருக்கிறது.

1880 ஜூனில் சிகாகோவில் குடியரசுக் கட்சி மாநாடு. கார்ஃபீல்ட் அங்கே போனது ஜான் ஷெர்மன் என்பவரை முன்மொழிய. கிராண்டா, பிளேனா, ஷெர்மனா என்று முடிவுக்கு வராமல் வாக்கெடுப்பு மேல் வாக்கெடுப்பாக இழுத்து, முப்பத்தாறாவது சுற்றில் யாரும் எதிர்பாராமல் கார்ஃபீல்டையே வேட்பாளர் ஆக்கிவிட்டார்கள். அந்தக் காலத்தில் வேட்பாளர் ஊர் ஊராகப் போய் ஓட்டுக் கேட்பது மரியாதைக் குறைவு. அவர் வீட்டிலேயே இருந்தார். ஊர் அவரைத் தேடி வந்தது. பண்ணைக்குப் பின்புறம் போகும் ரயில் தண்டவாளத்தில் வண்டியை நிறுத்தி இறங்கி, வயல் வழியே நடந்து, முன்திண்ணைக்கு எதிரே வந்து நின்றார்கள். விவசாயிகள், வியாபாரிகள், போர்வீரர்கள், பெண்கள் குழுக்கள் என்று அந்தச் சில மாதங்களில் 15,000 பேருக்கு மேல் வந்ததாகக் கணக்கு. புல்வெளி முழுக்கப் பத்திரிகைக்காரர்கள். அவர்கள்தான் அந்த வீட்டுக்கு லான்ஃபீல்ட் என்று பெயர் வைத்தார்கள். ஜெர்மானியர் கூட்டம் ஒன்று வந்தபோது அவர் ஜெர்மனிலேயே பேசினார்.

அந்தத் திண்ணை இன்னும் இருக்கிறது. மரத்தூண், மரக் கைப்பிடி, சாதாரணத் திண்ணை. பின்கட்டில் ஒரு சின்னக் கட்டடம். அதுதான் பிரசார அலுவலகம். தந்தி இயந்திரம் வைத்து அங்கேதான் தேர்தல் முடிவைக் கேட்டார். ஏறத்தாழ தொண்ணூறு லட்சம் ஓட்டுகளில் வித்தியாசம் பத்தாயிரத்துக்கும் குறைவு. தேர்வாளர் குழுவில் மட்டும் 214க்கு 155 என்று தெளிவான வெற்றி.

உங்களுக்காகவே ஒரு சேதி வைத்திருக்கிறேன். அந்த இலையுதிர்காலத்தில் ஃபிஸ்க் பல்கலைக்கழக ஜூபிலி பாடகர்கள் மென்டாருக்கு வந்தார்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும் சேர்ந்த குழு. அடிமைக் குடிசைகளில் பிறந்த பக்திப்பாடல்களை அமெரிக்காவும் ஐரோப்பாவும் கேட்கும்படி செய்தவர்கள் அவர்கள். கார்ஃபீல்டின் வீட்டுக்குள் நின்று பாடினார்கள். கேட்டவர்கள் கண்கலங்கினார்கள் என்று அவருடைய செயலாளர் ஜோசப் ஸ்டான்லி பிரவுன் பின்னாளில் எழுதிவைத்தார். பாடி முடிந்ததும் கார்ஃபீல்ட் எழுந்து, உங்களை எதிர்த்து ஜெயிப்பதைவிட உங்களோடு நின்று தோற்பதே மேல் என்ற பொருளில் பேசினார். பேச்சோடு நிற்கவும் இல்லை. பதவியேற்பு உரையில் கறுப்பின மக்களின் ஓட்டுரிமையையும் கல்வியையும் பற்றி நீளமாகச் சொன்னார். கறுப்பினத் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸைத் தலைநகரின் பத்திரப்பதிவு அதிகாரியாக நியமித்தார். அடுத்தது என்ன செய்திருப்பார் என்பதற்கு நாள் கிடைக்கவில்லை.

நாள் கிடைக்காத கதையைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். 1881 மார்ச் 4 பதவியேற்பு. ஜூலை 2 காலை வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சார்லஸ் கிட்டோ என்பவன் பின்னாலிருந்து இரண்டு முறை சுட்டான். தூதர் பதவி கேட்டுக் கிடைக்காமல் புத்தி பேதலித்தவன் அவன். குண்டு அவரைக் கொன்றிருக்கவேண்டியதில்லை என்பது இன்றைய மருத்துவர்கள் பலருடைய கருத்து. அன்றைய வைத்தியர்கள் கழுவாத விரலையும் கருவிகளையும் காயத்துக்குள் விட்டுத் துழாவித் துழாவிச் சீழ்பிடிக்க வைத்துவிட்டார்கள். அறுவை மருத்துவர் லிஸ்டர் கிருமிநீக்க முறையைப் பற்றிப் பேச 1876இலேயே பிலடெல்பியாவுக்கு வந்து போயிருந்தார். கேட்க ஆள் இல்லை. தலைமை வைத்தியர் பெயர் டாக்டர் பிளிஸ். 'டாக்டர்' என்பது பட்டம் மட்டுமல்ல, பெற்றோர் வைத்த பெயரே அதுதான். அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் உலோகம் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றைச் செய்து கொண்டுவந்தார். பிளிஸ் வலப்புறம் மட்டும்தான் தேடவிட்டார். குண்டு இடப்புறத்தில் இருந்தது. போதாக்குறைக்குக் கட்டிலின் கம்பிச்சுருள்கள் வேறு கருவியைக் குழப்பின. எண்பது நாள் போராடி, செப்டம்பர் 19 இரவு, நியூ ஜெர்சிக் கடற்கரையில் எல்பரான் என்ற இடத்தில் உயிர் போனது. வயது நாற்பத்தொன்பது.

இந்தச் சாவு விட்டுச்சென்ற பொருள்கள் என்னவாயின என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. கிட்டோ துப்பாக்கி வாங்கும்போதே, பின்னாளில் அருங்காட்சியகத்தில் வைத்தால் எந்தப் பிடி அழகாக இருக்கும் என்று யோசித்தவன். அவன் ஆசைப்பட்டபடியே அது ஸ்மித்சோனியனுக்குப் போனது. படமும் எடுத்தார்கள். பிறகு எங்கேயோ தொலைந்துவிட்டது. இன்றுவரை கிடைக்கவில்லை. எனக்கு அதில் வருத்தமே இல்லை. சுடப்பட்ட ரயில் நிலையத்தில் அவர் விழுந்த இடத்தைக் காட்டத் தரையில் ஒரு நட்சத்திரம் பதித்திருந்தார்கள். 1908இல் நிலையத்தை இடித்தபோது அதுவும் போயிற்று. அந்த இடத்தில் இப்போது தேசிய ஓவியக்கூடம் நிற்கிறது. இங்கேதான் ஓர் அதிபரைச் சுட்டார்கள் என்று சொல்லும் ஒரு பலகை அந்தப் பக்கத்தில் வந்தது 2018இல்தான். நாலு அதிபர்களைக் கொன்ற நாட்டில், லிங்கனும் கென்னடியும் விழுந்த இடங்களுக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். இவருக்கு ஒரு பலகை வர 137 வருஷம்.

தொலையாமல் இருப்பது அவருடைய முதுகெலும்பின் ஒரு துண்டு. வழக்கு விசாரணையின்போது ஜூரிகள் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். இப்போது ராணுவ மருத்துவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குண்டு போன பாதை தெரிய ஒரு குச்சியையும் செருகி வைத்திருக்கிறார்கள். தூக்கிலிடப்பட்ட கிட்டோவின் எலும்புகளும் அதே நிறுவனத்தில்தான். மருத்துவ மாணவர்களுக்கு உபயோகமாக இருக்கலாம். ஒரு மனிதரை நினைத்துக்கொள்ள இது வழியா? பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகாதீர்கள் என்றே சொல்வேன்.

எடிசனிலிருந்தும் பிரின்ஸ்டனிலிருந்தும் காரை எடுத்துக்கொண்டு ஆராதனைக்கு வருகிற நியூ ஜெர்சிக் குடும்பங்களுக்கு இன்னொரு இடம் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பக்கம்தான், கோடையில் கடற்கரைக்குப் போகும் வழியில், அந்த எல்பரான் அடங்கிய லாங் பிராஞ்ச். வாஷிங்டன் வெயில் தாங்காமல், கடல்காற்று பட்டால் பிழைப்பாரோ என்று செப்டம்பர் 6இல் கார்ஃபீல்டை ரயிலில் அங்கே கொண்டுபோனார்கள். நிலையத்திலிருந்து தங்கவேண்டிய வீடுவரை கரடுமுரடான சாலை. குதிரைவண்டியில் ஏற்றினால் குலுங்கலிலேயே உயிர் போய்விடும். முதல் நாள் ராத்திரியோடு ராத்திரியாக ஊர்க்காரர்களும் ரயில் தொழிலாளிகளும் சேர்ந்து அந்த வீட்டு வாசல்வரை 3,200 அடி நீளத்துக்குத் தண்டவாளம் போட்டுவிட்டார்கள். யாருடைய தோட்டமோ குறுக்கே வந்தது, யாரும் முகம் சுளிக்கவில்லை. கடைசி ஏற்றத்தில் இஞ்சின் திணறியது. கூடியிருந்த ஆண்கள் தோள்கொடுத்துப் பெட்டிகளைக் கையாலேயே மேலே தள்ளிக்கொண்டுபோனார்கள்.

அவர் பிழைக்கவில்லை. தண்டவாளத்தைப் பிரித்தார்கள். அந்தக் கட்டைகளை விறகாகப் போக விடாமல் ஆலிவர் பைரன் என்ற நாடக நடிகர் விலைக்கு வாங்கி, அவற்றையே அடுக்கி ஒரு சின்ன வீடு கட்டினார். தேநீர் அருந்தும் குடில் என்று பெயர். ஏழு அதிபர்கள் வழிபட்ட ஒரு பழைய மரத் தேவாலயத்தின் வளாகத்தில் இன்றும் அது நிற்கிறது. கார்ஃபீல்ட் இறந்த மாளிகை பின்னாளில் தீயில் போய்விட்டது. அங்கே ஓர் அடையாளக் கல் மட்டும் இருக்கிறது. அதையும் அரசாங்கம் வைக்கவில்லை. நம்மூரில் ஓர் அதிபர் செத்திருக்கிறார், ஒரு கல்கூட இல்லையே என்று உறுத்தலான ஒரு பள்ளிக்கூடப் பையன் அலைந்து காசு திரட்டி நடவைத்த கல் அது.

கவனித்தீர்களா? தலைநகரில் துப்பாக்கியும் போயிற்று, நட்சத்திரமும் போயிற்று. ஊர்க்காரன் எடுத்துவைத்த ரயில்கட்டை நிற்கிறது. இதைச் சட்டமாகச் சொல்லவரவில்லை. 1980இல் தேசியச் சின்னமான மென்டார் வீட்டை இன்று காப்பது மத்திய அரசின் பூங்காத் துறைதான், அதையும் நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் அவர்கள் காப்பதற்கு ஏதோ மிச்சமிருந்தது என்றால் அதற்குக் காரணம் ஒரே ஒரு பெண்மணி.

லுக்ரீஷியாவைப் பற்றிச் சொல்லாமல் உங்களை அந்த வீட்டுக்குள் அனுப்ப முடியாது. 1858இல் கல்யாணம். முதல் ஐந்து வருஷத்தில் கணவனும் மனைவியும் ஒரே கூரைக்கடியில் இருந்தது சில மாதங்கள்தான். போர், அரசியல் என்று அவர் வெளியே. மனமும் ஒட்டவில்லை. 1864இல் வேறொரு பெண்ணோடு தனக்கிருந்த உறவை அவரே மனைவியிடம் ஒப்புக்கொண்டார். லுக்ரீஷியா மன்னித்தார், ஆனால் மழுப்பவில்லை. எழுதவேண்டியதை எழுதினார். அதன் பிறகு ஒட்டியதுதான் ஒட்டு. பிந்தைய வருஷங்களின் கடிதங்களைப் படித்தால் காதலர்கள் எழுதியதுபோல இருக்கும். முக்கியம் என்னவென்றால், லுக்ரீஷியா இனிய கடிதங்களை மட்டும் பொறுக்கி வைத்துவிட்டுக் கசப்பானவற்றை அடுப்பில் போடவில்லை. அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களின் மனைவிமார் பலர் அதைத்தான் செய்தார்கள். இவர் எல்லாவற்றையும் வைத்தார்.

விதவையானபோது நாற்பத்தொன்பது வயது. அட்லாண்டிக் கடலடித் தந்தியைப் போட்ட சைரஸ் ஃபீல்ட், குடும்பத்துக்காக நாடெங்கும் நிதி திரட்டினார். மூன்றரை லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அந்த வசதியில் லுக்ரீஷியா மென்டார் வீட்டுக்குப் பின்னால் ஒரு புதிய பகுதியை எழுப்பினார். 1886இல் வேலை முடிந்தது. மாடியில் ஓக் மரப்பலகை அடித்த நூலகம், கணவரின் புத்தகங்கள், அதையொட்டித் தீப்பிடிக்காத பெட்டக அறை ஒன்று, கனமான இரும்புக் கதவோடு. கார்ஃபீல்டின் நாட்குறிப்புகள், கடிதங்கள், காகிதங்கள் எல்லாம் அதற்குள். அதற்கு முன் அதிபர்களின் காகிதங்களுக்கு நேர்ந்த கதியை நினைத்தால் இதன் அருமை தெரியும். பிள்ளைகள் பிரித்துக்கொண்டது, நினைவுக்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் கையெழுத்தைக் கத்தரித்துக் கொடுத்தது, எலி தின்றது. அமெரிக்காவின் முதல் அதிபர் நூலகம் என்று இன்று பலரும் குறிப்பிடுவது இந்த அறையைத்தான். காகிதங்கள் பின்னாளில் காங்கிரஸ் நூலகத்துக்குப் போய்விட்டன. அறை அப்படியே இருக்கிறது.

அந்தப் பெட்டக அறைக்குள் ஒரு மலர்வளையத்தைக் காட்டுவார்கள். விக்டோரியா மகாராணி அனுப்பியது, சவப்பெட்டிமேல் வைக்கப்பட்டது. வாடிப்போகாமல் இருக்க லுக்ரீஷியா அதை மெழுகில் தோய்த்து வாங்கினார். நூற்று நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்ட பூக்கள்! எல்லோரும் அதன் எதிரே கொஞ்சநேரம் நிற்கிறார்கள், புகைப்படம் எடுக்கிறார்கள். நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதோடு திரும்பிவிடாதீர்கள்.

நான் பார்க்கச் சொல்வது வேறு. சாப்பாட்டு அறைக்குப் போய்க் கணப்படுப்பைச் சுற்றியுள்ள ஓடுகளைப் பாருங்கள். குடும்பத்தில் ஆளுக்குச் சிலவாகக் கையால் வண்ணம் தீட்டியவை. சிலருக்கு வரையவந்திருக்கிறது, சிலருக்கு வரவில்லை. கார்ஃபீல்டின் சின்னப் படிப்பறையில் ஒரு தோல் நாற்காலி உண்டு. ஒரு பக்கக் கை மட்டும் தாழ்வாக இருக்கும். குறுக்கே சாய்ந்து, அந்தக் கைமேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு படிப்பது அவர் பழக்கம், அதற்காகவே செய்தது. உங்கள் வீட்டில் யாராவது சோபாவில் அப்படிக் கிடந்து படித்தால் இனிமேல் திட்டும்போது கொஞ்சம் யோசிப்பீர்கள். எலைசா அம்மாளுக்கு ஒரு தனி அறை. மகன் அதிபராகப் பதவியேற்பதை நேரில் பார்த்த முதல் தாய் அவர்தான். அதே மகனுக்குப் பிறகு ஆறு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருக்கவும் நேர்ந்தது. வீட்டிலுள்ள சாமான்களில் பெரும்பாலானவை அந்தக் குடும்பம் புழங்கியவையே. இதே போன்றது என்று வேறெங்கிருந்தோ வாங்கி நிரப்பியவை குறைவு.

அந்த நினைவு நூலகத்தை லுக்ரீஷியா ஒரு சமாதியாக வைத்துக்கொள்ளவில்லை என்பதும் எனக்குப் பிடித்தது. 1888 ஜூன் 14 அன்று அதே அறையில் இரட்டைக் கல்யாணம் நடந்தது. மூத்த மகன் ஹாரிக்கு ஒன்று. மகள் மோலிக்கு ஒன்று. மோலியின் மாப்பிள்ளை வேறு யாருமில்லை, ஜூபிலி பாடகர்களைக் கேட்டதை எழுதிவைத்த அந்தச் செயலாளர் ஸ்டான்லி பிரவுன்தான். லுக்ரீஷியா 1918 வரை இருந்தார். ஒரு மகன் கல்லூரித் தலைவர், ஒரு மகன் தியோடர் ரூஸ்வெல்ட்டின் அமைச்சர், ஒரு மகன் கட்டடக் கலைஞர் என்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

விழாக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். போட்டிகள் முடிந்து பிள்ளைகளுக்கு ஓய்வு கிடைக்கும் ஒரு காலையில் இரண்டு வேன் ஏற்பாடு செய்யுங்கள். பெரிய குழுவாகப் போனால் பூங்காத் துறைக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குள் வழிகாட்டியோடு சிறுசிறு கூட்டமாகத்தான் விடுவார்கள். திறந்திருக்கும் நாள்கள் பருவத்துக்குப் பருவம் மாறும், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். அனுமதி கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் திண்ணைக்கு எதிரே புல்வெளியில் பிள்ளைகள் சேர்ந்து ஒரு கிருதி பாடட்டும். கிடைக்காவிட்டால் வேனிலேயே பாடிக்கொண்டு வாருங்கள். வழிகாட்டியிடம் பூனையைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புங்கள். எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பாரோ! நாயைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள்.

ஏப்ரலிலும் அங்கே ஏரிக்காற்று எலும்பைத் துளைக்கும். பாடகர்கள் தொண்டையில் மஃப்ளர் சுற்றிக்கொள்ளவும். தயிர்சாதத்தைக் கையோடு கட்டிக்கொண்டு போய்விட்டால் மதியக் கச்சேரிக்குத் தாராளமாகத் திரும்பிவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் வரிசையில் உட்கார்ந்து தாளம் போடும் ஒருவன்